தக்காணத்து மின்சாரம் – 11: வித்யுத் சௌதாவில் இரண்டு அரசுகள்

2013 அக்டோபர் 3 அன்று தெலங்கானா மாநிலம் அமைக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அடுத்த சில நாட்களில் கடலோர ஆந்திரத்திலும் ராயலசீமையிலும் மின்வாரிய ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். விஜயவாடாவிலும் கடப்பா மாவட்டத்திலும் இருந்த பெரிய அனல்மின் நிலையங்களில் உற்பத்தி சரிந்தது. ஊர் ஊராக இருட்டு. ரயில்கள் வழியில் நின்றன. தென்மண்டல மின்தொகுப்பு முழுவதும் குலைந்துவிடுமோ என்ற அச்சம் சென்னை, பெங்களூரு வரை பரவியது. வங்கக் கடலில் பைலின் புயல் திரண்டு வந்ததால்தான், அக்டோபர் 10 அன்று ஊழியர்கள் போராட்டத்தை நிறுத்திவைத்தார்கள்.

அந்த நாட்களில் ஆந்திரத்தின் முதல்வர் கிரண்குமார் ரெட்டி. மாநிலப் பிரிவினையை அவரே வெளிப்படையாக எதிர்த்து வந்தார். வேலைநிறுத்தம் செய்தவர்களின் கோரிக்கையும் அவருடைய கோரிக்கையும் ஒன்று. மின்சாரம் நின்றால் அதை மீட்டுத் தரும் பொறுப்பு மாநில அரசுக்கு. அந்த அரசின் தலைவரோ போராடுகிறவர்களின் பக்கம். டில்லிக்குப் பிரிவினையை நடத்தும் அதிகாரம் இருந்தது; விஜயவாடாவில் ஒரு கொதிகலனை எரியவைக்கும் ஆள் கிடையாது. பிரிவினையின் மின்சாரக் கதையை நான் இந்த வாரத்திலிருந்துதான் தொடங்குவேன். பின்னால் நடந்த அத்தனைக்கும் முன்னோட்டம் இதில் இருக்கிறது.

முந்தைய பகுதிகளில் நாம் பார்த்த ஹைதராபாத் வேறு. 1910-இல் நிஜாம் அரசு தனி மின்துறை தொடங்கியது. 1920-களில் ஹுசைன் சாகர் கரையில் அனல்மின் நிலையம் புகைவிட்டபோது, சிங்கரேணியிலிருந்து நிலக்கரி வந்தது. 1930-இல் ரயில்வேயையும் அரசு வாங்கிக்கொண்டது. 1945-இல் சிங்கரேணியின் பெரும்பான்மைப் பங்குகளும் அரசு வசம் வந்தன. சுரங்கம், ரயில், கொதிகலன், தெருவிளக்கு எல்லாம் ஒரே அரசின் கீழ். அது மக்களாட்சி இல்லை. கேட்கிற உரிமை குடிமகனுக்கு இல்லை. ஆனால் யாரைக் கேட்பது என்பதில் குழப்பம் இல்லை. 1959-இல் வந்த ஆந்திரப் பிரதேச மாநில மின்வாரியமும் அப்படித்தான்: ஒரு வாரியம், ஒரு தலைவர், அவருக்கு மேல் ஓர் அமைச்சர்.

1999-இல் உலக வங்கிக் கடனோடு வந்த சீர்திருத்தம் அந்த வாரியத்தை உடைத்தது. உற்பத்திக்கு ஆப்ஜென்கோ, மின்கடத்தலுக்கு ஆப்டிரான்ஸ்கோ, 2000-இல் பகிர்மானத்துக்கு நான்கு நிறுவனங்கள், கட்டணத்துக்கு ஒழுங்குமுறை ஆணையம். 2000 ஆகஸ்ட் 28 அன்று மின்கட்டண உயர்வை எதிர்த்துச் சட்டசபையை நோக்கிப் போன ஊர்வலத்தின் மீது ஹைதராபாத் பஷீர்பாக்கில் போலீஸ் சுட்டது. மூன்று பேர் செத்தார்கள். கட்டணத்தை ஆணையம்தான் நிர்ணயித்தது என்று அரசு சொல்ல இடம் இருந்தது. சட்டப்படி அது உண்மையும்கூட. சட்டசபையை நோக்கி நடந்தவர்களுக்கு அந்த விளக்கம் எட்டவில்லை. தாங்கள் தேர்ந்தெடுத்தவர்களைத்தான் அவர்களுக்குத் தெரியும்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது ஓரளவு பழக்கமான விஷயம். இங்கே மின்வாரியம் 2010 நவம்பர் வரை ஒரே அமைப்பாக இருந்தது. 2008-இல் தொடங்கிய மின்வெட்டுக்கு யார் பொறுப்பு என்று எந்த டீக்கடையிலும் சந்தேகம் எழவில்லை. 2011 தேர்தலில் வாக்காளர் அதற்குப் பதில் எழுதியும்விட்டார்கள். கேள்வியும் பதிலும் ஒரே இடத்தில் இருந்தன. 2014-இல் ஹைதராபாத்துக்குக் கிடைக்காமல் போனது அதுதான்.

ஆந்திரப் பிரதேச மறுசீரமைப்புச் சட்டம் 2014 மார்ச் 1 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. அதன் பன்னிரண்டாம் அட்டவணை நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, மின்சாரம் ஆகியவற்றுக்கானது. மின்சாரப் பகுதி ஒரு பக்கம்கூட வராது. பொறுமையாகப் படித்தால் அடுத்த பத்தாண்டுச் சண்டையும் அதற்குள் இருப்பது தெரியும்.

ஜென்கோ நிலையங்கள் எந்த மண்ணில் நிற்கின்றனவோ அந்த மாநிலத்துக்கு. ஏற்கெனவே உள்ள மின் கொள்முதல் ஒப்பந்தங்கள் அப்படியே தொடரும். ஒழுங்குமுறை ஆணையம் 6 மாதத்துக்கு மேற்படாமல் இரண்டு மாநிலத்துக்கும் பொது. எந்த நிலையம் எப்போது எவ்வளவு ஓட வேண்டும், எந்தப் பாதையில் எவ்வளவு போக வேண்டும் என்று நிமிடத்துக்கு நிமிடம் கவனிக்கும் மாநில மின்சுமை பகிர்வு மையம் 2 ஆண்டுக்கு மேற்படாமல் பொது. அதுவரை அது பெங்களூருவில் உள்ள தென்மண்டல மையத்தின் நேரடிக் கட்டுப்பாட்டில் இயங்கும். அனந்தபூர், கர்னூல் மாவட்டங்கள் ஹைதராபாத்தை மையமாகக் கொண்ட பகிர்மான நிறுவனத்திலிருந்து பிரிந்து திருப்பதி நிறுவனத்துக்குப் போகும். பத்தாண்டுக்கு, ஒரு மாநிலத்தில் உபரி மின்சாரம் இருந்தால் பற்றாக்குறை உள்ள மற்ற மாநிலத்திடம்தான் முதலில் கேட்க வேண்டும். சிங்கரேணியில் தெலங்கானாவுக்கு 51 சதவீதம், மத்திய அரசுக்கு 49 சதவீதம்.

இதில் முதல் இரண்டு வரிகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். நிலையம் மண்ணுக்குச் சொந்தம். மின்சாரம் ஒப்பந்தத்துக்குச் சொந்தம். விஜயவாடாவில் எரியும் நிலக்கரியிலிருந்து வரும் மின்சாரத்தில் ஹைதராபாத்துக்கு உரிமை உண்டு. அந்த நிலையத்தை ஓட்டுகிறவருக்கு உத்தரவு போடுவதோ ஆந்திர அரசு. அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் கிணற்றை முறை வைத்து எழுதுவார்கள். மோட்டார் ஒருவன் வீட்டுத் திண்ணையில் இருந்தால் அவன் சுவிட்சைப் போடாத நாளில் என்ன செய்வது என்பதைப் பத்திரத்தில் எழுத மறந்துவிடுவார்கள். இந்தச் சட்டம் அந்த வகை.

பங்கு விகிதம் இன்னொரு கதை. பிரிவினையின் பல சொத்துக்கள் மக்கள்தொகைப்படி ஆந்திரத்துக்கு 58.32, தெலங்கானாவுக்கு 41.68 என்று பிரிந்தன. மின்சாரத்தில் இது தலைகீழ். முந்தைய ஐந்தாண்டு உபயோகத்தை வைத்து, 2014 மே 8 தேதியிட்ட அரசாணை எண் 20, தெலங்கானாவுக்கு 53.89 சதவீதம், ஆந்திரத்துக்கு 46.11 சதவீதம் என்று நிர்ணயித்தது. காரணம் எளிமையானது. ஹைதராபாத் நகரமும் அதைச் சுற்றிய தொழிற்பேட்டைகளும் தெலங்கானாவில். கிருஷ்ணா, கோதாவரி டெல்டாக்களைப் போல வாய்க்கால் பாசனம் இல்லாத மேட்டு நிலம் அது. அங்கே பயிர் நிற்பதே ஆழ்துளைக் கிணற்றின் பம்ப் செட்டில்தான். மின்சாரம் இல்லாவிட்டால் தண்ணீர் இல்லை.

அந்த அரசாணை வந்தபோது ஆந்திரத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி. கிரண்குமார் ரெட்டி பிப்ரவரியிலேயே பதவி விலகியிருந்தார். சட்டசபைத் தேர்தல் நடந்து முடிந்து வாக்குகள் எண்ணப்படாமல் இருந்த வாரம் அது. இரண்டு மாநில மக்களின் வாழ்க்கையைப் பாதிக்கப்போகிற ஒரு விகிதம், தேர்ந்தெடுக்கப்பட்ட எந்த அரசும் கையெழுத்திடாமல் அமலுக்கு வந்தது. கணக்கு சரியானது என்றே நான் கருதுகிறேன். உபயோகிக்கிறவனுக்குத்தான் மின்சாரம் போக வேண்டும். ஆனால் அதற்குப் பொறுப்பேற்றுச் சட்டசபையில் எழுந்து பதில் சொல்ல ஒருவரும் இல்லாததால், பின்னால் வந்த ஆந்திர அரசு அதைத் தன்மேல் சுமத்தப்பட்டதாகவே பார்த்தது.

ஜூன் 2 அன்று கே. சந்திரசேகர ராவ் தெலங்கானாவின் முதல் முதல்வரானார். ஜூன் 8 அன்று சந்திரபாபு நாயுடு ஆந்திர முதல்வரானார். ஹைதராபாத் பத்தாண்டுக்குப் பொதுத் தலைநகர். அதனால் இரண்டு மாநிலங்களின் மின் நிறுவனங்களும் சோமாஜிகுடாவில் உள்ள வித்யுத் சௌதா என்ற ஒரே கட்டடத்திலிருந்து இயங்கின. நேற்று வரை ஒரே நிறுவனத்தில் பக்கத்து மேசைகளில் உட்கார்ந்திருந்த பொறியாளர்கள் இன்று எதிரெதிர் அரசுகளின் வாதத்தை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

புதிய ஆட்சி அமைந்த அந்த மாதத்திலேயே ஆப்ஜென்கோ ஒழுங்குமுறை ஆணையத்துக்கு எழுதியது: தன் நிலையங்களுக்கும் பகிர்மான நிறுவனங்களுக்கும் இடையிலான கொள்முதல் ஒப்பந்தங்களை ஆணையம் இன்னும் அங்கீகரிக்கவே இல்லை, ஆகவே அவற்றைத் திரும்பப் பெறுகிறோம். பல ஆண்டுகளாகக் கோப்பில் தூங்கிய ஒரு நடைமுறைக் குறை ஒரே நாளில் ஆயுதமானது. 'ஒப்பந்தங்கள் தொடரும்' என்று சட்டம் சொல்கிறது. அங்கீகாரம் பெறாதது ஒப்பந்தமே இல்லை என்பது ஆந்திரத்தின் வாதம். கிருஷ்ணபட்டினத்திலும் விசாகப்பட்டினத்திலும் எழுந்துகொண்டிருந்த புதிய அனல்மின் நிலையங்களிலும் தெலங்கானா பங்கு கேட்டது, ஆந்திரம் மறுத்தது. மத்திய அரசு மத்திய மின்சார ஆணையத் தலைவர் நீர்ஜா மாத்தூர் தலைமையில் ஒரு குழு அமைத்தது. குழுக்கள் கூடுவதற்கு எடுத்துக்கொள்ளும் காலத்தைப் பயிர் எடுத்துக்கொள்வதில்லை.

இதற்கு முன்பே தெலங்கானா ஒரு நிலையத்தை இழந்திருந்தது. போலவரம் அணையில் மூழ்கப்போகும் பகுதிகள் என்று கம்மம் மாவட்டத்தின் மண்டலங்கள் மே மாத இறுதியில் அவசரச் சட்டத்தின் மூலம் ஆந்திரத்துக்கு மாற்றப்பட்டன. அவற்றோடு 460 மெகாவாட் கீழ் சிலேரு புனல்மின் நிலையமும் போனது. நிலக்கரி வேண்டாத, மலிவான மின்சாரம் அது.

வெளியிலிருந்து வாங்கலாமே என்றால் அதற்கும் வழி அடைத்திருந்தது. தென்மண்டல மின்தொகுப்பு 2013 டிசம்பர் 31 அன்றுதான் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாக நாட்டின் மற்ற பகுதியோடு ஒத்திசைந்து இணைந்தது. வடக்கே மின்சாரம் மிச்சம் இருந்தது. கொண்டுவரப் போதிய பாதை இல்லை. அந்த நெருக்கடியைத் தமிழ்நாடும் அனுபவித்தது. கிருஷ்ணா–கோதாவரிப் படுகையின் டி-6 எரிவாயு 2010-க்குப் பிறகு மளமளவென்று குறைந்ததால், அதை நம்பி ஆந்திரக் கடலோரத்தில் கட்டிய எரிவாயு மின்நிலையங்கள் 2013 முதல் முடங்கிக் கிடந்தன. எரிவாயுவை யாருக்கு ஒதுக்குவது என்று முடிவு செய்தது டில்லி. மின்வெட்டுக்கு ஏச்சு வாங்கியது மாநிலம்.

2014-இல் பருவமழை நாடு முழுவதும் இயல்பைவிட 12 சதவீதம் குறைவு. மழை குறைந்தால் பம்ப் செட் அதிக நேரம் ஓட வேண்டும். அணையில் நீர் குறைந்தால் புனல்மின்சாரமும் குறையும். தேவை ஏறும்போதே உற்பத்தி இறங்கும் இந்த இரட்டை அடியைத்தான் புதிய மாநிலம் தன் முதல் காரிஃப் பருவத்தில் வாங்கியது. தெலங்கானா கிராமங்களில் விவசாயிகள் துணை மின்நிலையங்களை முற்றுகையிட்டார்கள். வாடும் பயிரைப் பார்த்து நின்றவனுக்கு ஜென்கோ எது, டிரான்ஸ்கோ எது, பெங்களூரு மையம் எது என்ற பாடம் தேவையில்லை. அவன் வாசலில் நின்ற லைன்மேன்தான் அவனுக்கு அரசு.

மேற்சொன்ன எல்லாச் சிக்கலும் ஒரே இடத்தில் வந்து முட்டியது கிருஷ்ணா நதியின் ஸ்ரீசைலத்தில். 1963-இல் நேரு அடிக்கல் நாட்டியது மின்உற்பத்திக்கான அணைக்கு. அணையின் வலக்கரையில் 770 மெகாவாட் நிலையம், அது ஆந்திரத்துக்கு. இடக்கரையில் மலையைக் குடைந்து கட்டிய 900 மெகாவாட் நிலையம், அது தெலங்கானாவுக்கு. நடுவில் இருக்கும் தண்ணீர் இருவருக்கும். 2014 அக்டோபரில் தெலங்கானா இடக்கரை நிலையத்தை ஓட்டிக்கொண்டே இருந்தது. நீர்மட்டம் இறங்கியது. ஆந்திரம் எதிர்த்தது: 854 அடிக்குக் கீழே போனால் போத்திரெட்டிப்பாடு மதகு வழியாக ராயலசீமைக்குத் தண்ணீர் எடுக்க முடியாது, 2004-இன் அரசாணை எண் 107 அந்த அளவைக் காக்கச் சொல்கிறது என்றது. 1996-இன் அரசாணை எண் 69 சொல்வது 834 அடி என்றது தெலங்கானா. மின்சாரத்துக்காகக் கட்டிய அணையில் மின்சாரம் எடுப்பதைத் தடுக்க நீ யார் என்றும் கேட்டது. ஒப்பந்தப்படி எங்களுக்குத் தர வேண்டிய மின்சாரத்தைத் தந்திருந்தால் இங்கே ஓட்ட வேண்டிய அவசியமே வந்திராது என்பதும் அதன் வாதம்.

சென்னைவாசிகள் இதை அயலூர்ச் சண்டையாக நினைக்க வேண்டாம். 1983-இல் எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் செய்துகொண்ட தெலுங்கு கங்கை ஒப்பந்தத்தின் தண்ணீர் ஸ்ரீசைலத்திலிருந்து அதே போத்திரெட்டிப்பாடு வழியாகத்தான் பூண்டிக்கு வருகிறது. ஹைதராபாத்தின் மின்விளக்கும் சென்னையின் குடிநீர்க் குழாயும் ஒரே நீர்மட்டத்தை நம்பியிருக்கின்றன.

தீர்ப்பளிக்க வேண்டியவர் யார்? மறுசீரமைப்புச் சட்டம் கிருஷ்ணா நதி மேலாண்மை வாரியத்தை உருவாக்கியிருந்தது. அக்டோபர் 31 அன்று வாரியம் உத்தரவிட்டது: நவம்பர் 2 வரை 3 டி.எம்.சி. தண்ணீரை மின்உற்பத்திக்குப் பயன்படுத்தலாம், அதோடு நிறுத்த வேண்டும். தெலங்கானா அதை ஏற்கவில்லை, உற்பத்தி தொடர்ந்தது. வாரியத்தால் ஒன்றும் செய்ய முடியவில்லை, ஏனென்றால் அதன் கையில் ஒரு மதகும் இல்லை. வாரியத்தின் அதிகார எல்லையை வரையறுக்கும் அரசிதழ் அறிவிக்கை வெளிவந்தது 2021 ஜூலை 15 அன்று. நெருக்கடி 2014-இல், அதிகாரம் 7 ஆண்டு கழித்து.

மின்சாரச் சட்டம் 2003-இன் 11-ஆம் பிரிவைப் பயன்படுத்தியிருக்கலாமே என்று சட்டம் அறிந்தவர்கள் கேட்கலாம். அசாதாரணச் சூழ்நிலையில் ஒரு மின்நிலையத்தை இன்னபடி ஓட்டு என்று உரிய அரசு உத்தரவிட அந்தப் பிரிவு இடம் தருகிறது. தமிழ்நாடு 2009-இல் இதைக் கொண்டு தனியார் மின்சாரம் வெளிமாநிலத்துக்குப் போவதைத் தடுத்தது. கர்நாடகமும் அப்படிச் செய்தது. 2022 மே மாதம் நாட்டில் நிலக்கரித் தட்டுப்பாடு வந்தபோது, இறக்குமதி நிலக்கரி நிலையங்கள் முழு அளவில் ஓட வேண்டும் என்று மத்திய மின் அமைச்சகம் இதே பிரிவின் கீழ்தான் ஆணையிட்டது. ஆனால் மாநில அரசுகள் இதைப் பயன்படுத்திய விதத்தைப் பாருங்கள். தன் எல்லைக்குள் உள்ள மின்சாரத்தைத் தனக்கே வைத்துக்கொள்ள அது உதவியது. விஜயவாடா நிலையத்துக்கு உத்தரவிட ஹைதராபாத்துக்கு அதிகாரம் இல்லை. இரண்டு பேருக்கும் மேலிருந்து உத்தரவிடக்கூடிய டில்லி, குழு அமைத்தது.

1973-இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது அமெரிக்காவிலும் இதே குழப்பம்தான்: எரிபொருள் பொறுப்பு பல துறைகளில் சிதறிக் கிடந்தது. அந்த நாடு 1977-இல் எரிசக்திக்கென்று ஒரே துறையை அமைத்தது. இந்தியாவில் 1974-இல் எரிசக்தி அமைச்சகம் வந்தது. 1992-இல் மின்சாரம் தனி அமைச்சகமானது. இன்று நிலக்கரி ஓர் அமைச்சகத்திடம், எரிவாயு வேறோர் அமைச்சகத்திடம், ஆற்று நீர் இன்னொன்றிடம். ஸ்ரீசைலத்தில் ஒரு டர்பைன் சுற்றுவதற்கு இவர்களில் பலருடைய சம்மதம் வேண்டும். அது நின்றுபோனால் பொறுப்பேற்க இவர்களில் ஒருவருக்கும் கடமை இல்லை.

மக்கள் பிரிக்கப்பட்டதும் இப்படியே. 2015 ஜூனில் தெலங்கானா மின் நிறுவனங்கள், ஆந்திரத்தைச் சேர்ந்தவர்கள் என்று 1,157 ஊழியர்களை விடுவித்தன. ஆந்திர நிறுவனங்கள் அவர்களை ஏற்க மறுத்தன. சம்பளம் யார் தருவது என்பதே வழக்கானது. உச்ச நீதிமன்றம் 2018-இல் நீதிபதி டி.எம். தர்மாதிகாரியை நியமித்துத்தான் அவர்களைப் பங்கிட வேண்டியிருந்தது. கம்பத்தில் ஏறி வேலை பார்த்தவர்களும் கோப்பு எழுதியவர்களும் எந்த மாநிலத்து ஆள் என்று தெரியாமல் ஆண்டுக்கணக்கில் நின்றது, இந்தப் பிரிவினையின் மிக வெட்கக்கேடான பகுதி என்பேன்.

இவ்வளவு சண்டைக்கிடையிலும் ஆப்ஜென்கோ 2017 ஜூன் வரை தெலங்கானாவுக்கு மின்சாரம் வழங்கியது. அதற்கான பணம் முழுமையாக வரவில்லை என்று ஆந்திரம் சொன்னது. எங்களுக்கும் வர வேண்டிய பாக்கி இருக்கிறது என்று தெலங்கானா சொன்னது. 2022 ஆகஸ்ட் 29 அன்று மத்திய மின் அமைச்சகம், 3,441.78 கோடி ரூபாய் அசலும் 3,315.14 கோடி ரூபாய் தாமதக் கட்டணமும் சேர்த்து 30 நாளுக்குள் ஆந்திரத்துக்குத் தெலங்கானா கட்ட வேண்டும் என்று ஆணையிட்டது. 2014-இல் மின்சாரத்தைக் கொடு என்று கண்டிப்பாக உத்தரவிடாத டில்லி, 2022-இல் பணத்தைக் கொடு என்று உத்தரவிட்டது. தெலங்கானாவின் வாதத்தைக் கேட்காமல் பிறப்பிக்கப்பட்ட ஆணை என்று 2023 அக்டோபரில் தெலங்கானா உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

பற்றாக்குறை மாநிலத்துக்கு முதல் உரிமை தந்த பத்தாண்டு விதி 2024 ஜூன் 2 அன்று காலாவதியானது. ஹைதராபாத் பொதுத் தலைநகராக இருந்த காலமும் அன்றே முடிந்தது. ஜூலை 6 அன்று இரு மாநில முதல்வர்கள் ரேவந்த் ரெட்டியும் சந்திரபாபு நாயுடுவும் ஹைதராபாத்தில் பேச உட்கார்ந்தபோது, தீராத விஷயங்களுள் மின்பாக்கியும் இருந்தது.

ஸ்ரீசைலம் நீர்மட்டம் இறங்கிக்கொண்டிருந்த அதே வாரத்தில், 2014 நவம்பர் 3 அன்று, தெலங்கானா அரசு ராய்ப்பூருக்குப் போய் சத்தீஸ்கரோடு 1,000 மெகாவாட்டுக்கு ஓர் உடன்பாடு செய்துகொண்டது. நெருக்கடியில் எடுத்த அந்த முடிவையும், அதைத் தொடர்ந்து வந்த பத்ராத்ரி, யாதாத்ரி அனல்மின் திட்டங்களையும் விசாரிக்க 2024-இல் ஒரு விசாரணை ஆணையம் அமைந்தது. அடுத்த பகுதியில் அந்தக் கோப்புகளைத் திறப்போம்.

(தொடரும்)